ஏற்காடும் சேலத்துப் பூங்காக்களும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சேலத்தில் கோரிமேடு பக்கம், ஏற்காடு போகிற பஸ் எல்லாம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனாலேயே பெங்களூரில் இருக்கும் அத்தை பையனில் இருந்து கூட வேலை பார்த்தவரின் சம்பந்தி வரைக்கும் லீவு வந்தால் எனக்குத்தான் போன் போடுவார்கள், கேட்பதும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஏற்காடுன்னாலே காடுதானே, வண்டிய ஓரம் கட்டிட்டு எங்க வேணா உள்ள போலாமுங்களா?

இல்லை. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள், ஆனால் இன்றைக்கு ரோட்டோரம் நீங்கள் பார்க்கும் பச்சையில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்தார், அதிலிருந்து மலை எஸ்டேட் மலையாகிவிட்டது. அடையாளம் சுலபம்: மரங்கள் வரிசையாக நெட்டையாக நின்று, ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி சுற்றி, கீழே இடுப்புயரத்துக்குப் பளபளவென்று இலையோடு செடி இருந்தால் அது எஸ்டேட். நெட்டை மரம் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவில் இருந்து நிழலுக்காகக் கொண்டுவந்தது. வகைக்கு ஒன்றாக மரமும் முட்புதரும் கலந்து கிடந்தால் அது பெரும்பாலும் வனத்துறையின் காப்புக்காடு, அதற்குள்ளும் அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

நானே ஒருமுறை கம்பிவேலி விழுந்து கிடந்த இடமாகப் பார்த்து உள்ளே போய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், வாட்ச்மேன், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, உங்க வீட்டு மொட்டை மாடியில நான் வந்து போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் எங்கே போனாலும் முதலில் இது யார் இடம் என்று பார்த்துக்கொள்கிறேன், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கும் அதுதான் பதில்.

ஊட்டி மாதிரி இங்கயும் ஈ-பாஸ் எடுக்கணுமா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி ஈ-பாஸ் வந்தது. இதை எழுதும்போது ஏற்காட்டுக்கு அது கிடையாது. அடிவாரத்தில் சோதனைச் சாவடி உண்டு, தண்ணீர் பாட்டில், பாலித்தீன் பை என்று பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை, மலையில் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள். ஒரு எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டு போய்விடுங்கள், வேலை முடிந்தது.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்? மே மாசம் கோடை விழாவுக்கு வரட்டுமா?

மே மாதம் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும், சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான், கூட்டமும் அப்போதுதான். பூவை விட மனிதத் தலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். குழந்தைகளுக்குப் பள்ளி லீவு அப்போதுதான் என்றால் வேறு வழியில்லை, விடிகாலையில் கிளம்பி ஒன்பது மணிக்குள் மேலே இருங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு சமயம். ஒன்று மழை முடிகிற கார்த்திகை மார்கழி: பனி இறங்கும், காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும், களத்தில் கொட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. மார்ச் ஏப்ரலில் முதல் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து பத்து நாள் கழித்து மேலே போய்ப் பாருங்கள், காப்பிச் செடி மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். கிளை முழுக்கப் பஞ்சு ஒட்டினது மாதிரி. வாசம் மல்லிகைக்கு உறவுக்காரி, கார் கண்ணாடியை இறக்கினாலே உள்ளே வரும். மூன்று நாலு நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும், அதனால் தேதி குறித்து ரூம் போட்டுக்கொண்டு வர முடியாது.

ஒரே நாள்ல எத்தனை இடம் பாக்கலாம்?

நாலு. பன்னிரண்டு பாயிண்ட் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசியில் பன்னிரண்டு பார்க்கிங்கைத்தான் பார்க்கிறார்கள். காலையில் முதலில் சேர்வராயன் கோயில், அதுதான் மலையின் உச்சி, 5326 அடி. கோயில் என்றால் கோபுரம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், தலை நிமிர்ந்தால் பாறை இடிக்கும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள், அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது ஊர் நம்பிக்கை. வெளியே அகலமான புல்வெளி, எப்போதும் காற்று.

அங்கிருந்து இறங்கி பகோடா பாயிண்ட், மதியம் ஏரிக்கரை, சாயங்காலம் லேடீஸ் சீட். லேடீஸ் சீட்டை மட்டும் கடைசியில் வையுங்கள், மேற்குப் பார்த்த இடம். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னும், இருட்டினால் சேலம் நகரத்து விளக்குகள் காலடியில் தெரியும்.

கிளியூர் அருவியில தண்ணி இருக்குமா?

இந்த ஒரு கேள்விக்கே தனியாக ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டலாம். 300 அடி உயர அருவி என்று படித்துவிட்டு ஏப்ரலில் வருகிறார்கள், படி படியாக இறங்கிப் போய் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள். கிளியூருக்குத் தண்ணீர் முக்கியமாக ஏற்காடு ஏரி நிறைந்து வழிவதில் இருந்து வருகிறது. ஏரி வழியவில்லை என்றால் அருவி இல்லை. அதனால் முதலில் ஏரிக்குப் போங்கள், ஏரி வழியும் இடத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் இறங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஆடிக்கு மேல் மார்கழி வரை வாய்ப்பு அதிகம். ரொம்பப் பெய்தால் பாதுகாப்புக்காக மூடிவிடுவார்கள், அதுவும் நடக்கும்.

ஊர் நடுவில் இருக்கும் ஏரியின் தண்ணீர் என்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மூட்டுவலி இருப்பவர்கள் மேலேயே உட்கார்ந்து சோளம் சாப்பிடலாம், தப்பே இல்லை.

அண்ணா பூங்கா, ரோஜாத் தோட்டம், தாவரவியல் பூங்கா எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு எல்லா இடத்துலயும் டிக்கெட்?

ஒன்றில்லை. ஏரியைச் சுற்றி இருக்கும் பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையுடையவை, படகு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. இடத்துக்குச் சொந்தக்காரர் மாறுகிறார், டிக்கெட்டும் மாறுகிறது. குழந்தைகளுக்கு ஓடிப்பிடிக்க அண்ணா பூங்கா போதும்.

செடியில் நிஜமாகவே ஆர்வம் இருப்பவர்களுக்கு நான் அனுப்புகிற இடம் வேறு: இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். 1963-இல் ஆரம்பித்தது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி அங்கே இருக்கிறது, மேகாலயாவில் காசி மலைப் பக்கம் இயற்கையாக வளர்வது. மூடியோடு ஒரு சின்ன சொம்பு இலை நுனியில் தொங்கும், எட்டிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீரும் அதில் செத்த எறும்பும். என் பெண் அதைப் பார்த்த பிறகு ஒரு வாரம் வேறு எதையும் பேசவில்லை. ஒரு விஷயம், அது ஆராய்ச்சி நடக்கும் மத்திய அரசு அலுவலகம், ஞாயிற்றுக்கிழமைக் கும்பலுக்காகக் கட்டியது இல்லை. வேலை நாளில், அலுவலக நேரத்தில் போங்கள்.

குழந்தைக்கு மிருகம் காட்டணும், மேல ஜூ இருக்கா?

மேலே தேட வேண்டாம், அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, சேலத்தில் இருந்து பத்து கிலோமீட்டர்தான். 1981-இல் தொடங்கியது, மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வண்டலூர் அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு போகக் கூடாது, ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது சரியான அளவு. மான், மயில், பறவைகள், நிறைய நிழல். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைப் படித்த பிறகும் செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

ரோட்டுல காட்டெருமை நின்னா என்ன பண்றது? ஹாரன் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். இந்த ஒரு பதிலையாவது முழுசாகப் படியுங்கள். நாம் காட்டெருமை என்போம், வனத்துறைக்காரர்கள் காட்டுமாடு என்பார்கள், உண்மையில் அது மாட்டினம்தான். வளர்ந்த கடா 1000 கிலோ வரைக்கும் வரும், உங்கள் காரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. எஸ்டேட்டுக்குள் புல்லும் தண்ணீரும் கிடைப்பதால் அவை அங்கேயே சுற்றுகின்றன, காப்புக்காட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் வேலி இருப்பது நமக்குத்தான்.

போன வருஷம் நாகலூர் போகிற ரோட்டில் ராத்திரி எட்டு மணி இருக்கும், ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது நாலு வெள்ளை சாக்ஸ். முட்டிக்குக் கீழே அதற்குக் கால் வெளுப்பாக இருக்கும், உடம்பு கறுப்பு என்பதால் இருட்டில் கால் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி தெரியும். அப்புறம்தான் மேலே ஒரு சுவரே நிற்பது புரிந்தது. இருபதடி தூரம் இருக்கும், மூச்சு விடுகிற சத்தம் புஸ்ஸென்று கேட்டது. என்ஜினை நிறுத்தவில்லை, விளக்கை மட்டும் தாழ்த்திக்கொண்டு காலாலேயே வண்டியைப் பின்னுக்குத் தள்ளினேன். அது அஞ்சு நிமிஷம் என்னைப் பார்த்தது, எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது, அப்புறம் அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். தூரமாக நிறுத்துங்கள், இறங்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், அதற்குப் போக வழி விடுங்கள். ஒன்று கடந்ததும் உடனே வண்டியை எடுக்காதீர்கள், பின்னாலேயே கன்று வரும். கன்றோடு இருக்கும் பசுவும் தனியாகச் சுற்றும் கிழட்டுக் கடாவும்தான் முட்டுகிறவை.

அப்ப யானை, புலி, கரடி?

ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் யானைக்கூட்டமோ புலியோ கிடையாது. சிறுத்தை நடமாட்டம் என்று மாவட்டத்தில் அவ்வப்போது செய்தி வரும். கரடி குகை என்று ஒரு இடம் காட்டுவார்கள், அது ஒரு எஸ்டேட்டுக்குள் இருக்கிறது, கரடி பெயரில் மட்டும்.

பெரிய மிருகத்தையே எல்லோரும் கேட்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். இந்த மலையின் தனிச் சொத்து எல்லாம் சின்னது. ஏற்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் வைத்திருக்கும் ஒரு பல்லி உண்டு, 2000-ஆம் ஆண்டில்தான் அதைத் தனி இனம் என்று விவரித்தார்கள். மண்ணுக்குள்ளேயே வாழும் ஒரு சின்னப் பாம்பு, வால் நுனி மழுங்கி இருக்கும், விஷம் கிடையாது, 1863-இல் இந்த மலையில் இருந்துதான் அது விவரிக்கப்பட்டது. மழை விட்ட காலையில் அந்த மாதிரிப் பாம்புகள் தார் ரோட்டுக்கு வந்து டயரில் நசுங்கிக் கிடக்கும். மழைக்குப் பின் எஸ்டேட் ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போடலாமா?

கூடாது. ஒரு பாக்கெட் போட்ட கை அடுத்த வண்டியில் வரும் குழந்தையின் கையைக் கடிக்க வைக்கிறது.

மலை ரோடு புதுசா ஓட்டுறேன், பயமா இருக்கு. குப்பனூர் வழி ஈஸியா?

இல்லை, உல்டா. அடிவாரம் வழி அகலமான ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். குப்பனூர் வழி குறுகல், ஆனால் அமைதி, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. கோடை விழா சமயத்தில் போலீசார் ஏற இந்த வழி, இறங்க அந்த வழி என்று மாற்றிவிடுவதும் உண்டு.

ஏறுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம், இறங்கும்போதுதான் விஷயம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். என் மச்சான் நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஐந்தாவது வளைவுக்கு வருவதற்குள் ரப்பர் கருகும் நாற்றம், பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நல்லவேளை, ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்தினோம், ஒரு மணி நேரம் ஆற வைத்து வந்தோம். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை பாக்கணும்னா மலை ஏறியே ஆகணுமா?

வேண்டாம், கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போங்கள், டவுன் பஸ்ஸே போகும். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேரும் ஏரி. குப்பையும் சேறுமாகக் கிடந்ததை 2010 வாக்கில் ஊர் மக்கள் குழு ஒன்று கையில் எடுத்துத் தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் தீவு மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. சாயங்காலம் ஐந்தரைக்குக் கரையில் நின்றால் போதும், பைனாகுலர் கூட வேண்டாம்.

மலையில் பார்க்க வேண்டியது என்றால் மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவை. ரூம் பால்கனியில் வராது, வெயில் காயும் பாறைச்சரிவும் புதரும் வேண்டும், காலை எட்டு மணிக்குள்.

நாலு பசங்க சேர்ந்து டென்ட் போட்டு ட்ரெக்கிங் போலாம்னு இருக்கோம், யாருக்கு தெரியப் போகுது?

தெரியும், அபராதமும் போடுவார்கள். 2018 மார்ச் 11 குரங்கணியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும், தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ஆன்லைனில் பதிவு செய்யும் மலையேற்றத் திட்டம் கொண்டுவந்தது, சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. வழிகாட்டி கூட வருவார், பெரும்பாலும் அந்த மலைக்காரராகவே இருப்பார். காசு கொடுத்துப் போவதில் எனக்கு வருத்தமில்லை, அவர் காட்டும் செடியில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது.

மாசி பங்குனியில் பாதைகளை மூடுவார்கள். அடிவாரச் சரிவுகளில் புல் அப்போது காகிதம் மாதிரி காய்ந்திருக்கும், ஒரு பீடித்துண்டு போதும்.

மேல இருக்கவங்க மலையாளின்னு சொன்னாங்க, கேரளாக்காரங்களா?

இல்லைங்க. மலையை ஆள்கிறவர்கள், அதாவது மலைவாசிகள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ், பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக அவர்களுடைய கதை, மூத்தவர் வந்தது சேர்வராயனுக்கு என்பார்கள். சேர்வராயன் கோயில் அவர்களுடைய கோயில், அங்கே சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஊருக்குள் போய்க் கேட்காமல் பாட்டிகளைப் போட்டோ எடுப்பதும் மொட்டை மாடிக் கதைதான்.

கொல்லிமலை, ஒகேனக்கல் எல்லாம் சேலம்தானே? அதையும் சேத்து ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?

ஒரு காலத்தில் சேலம்தான். தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டம் ஆகிவிட்டன, ஒகேனக்கல் தருமபுரியில், கொல்லிமலை நாமக்கல்லில். இரண்டும் எதிரெதிர்த் திசை, இரண்டு நாளில் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மேட்டூர் வேண்டுமானால் ஒரு நாள் வையுங்கள். 1934-இல் கட்டி முடித்த அணை, கீழே பூங்கா, மீன் வறுவல் கடைகள். அணை நிறைந்திருக்கும்போது எல்லோரும் போவார்கள், நான் தண்ணீர் இறங்கும்போது போவேன். பண்ணவாடிப் பக்கம் அணைக்குள் மூழ்கிய பழைய ஊரின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே வரும். முதலில் கோபுர நுனி, அதில் ஒரு நீர்க்காகம் றெக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும்.

கூட்டமே இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க.

சொன்னால் கூட்டம் வந்துவிடும். சரி, ஆத்தூர் பக்கம் முட்டல் ஏரியும் ஆணைவாரி அருவியும். கல்வராயன் மலையின் கால்மாட்டில் வனத்துறை நடத்தும் இடம், எனவே போவதற்கு யோசிக்க வேண்டாம், உள்ளே போகத்தான் டிக்கெட். அருவிக்குக் கிளியூர் விதியே பொருந்தும், மழை இல்லையென்றால் தண்ணீர் இல்லை. இன்னும் மேலே போனால் கருமந்துறை, அங்கே அரசுப் பழப்பண்ணை பெரியது. சனி ஞாயிறு தவிர்த்துப் போங்கள், ஆத்தூரிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மரத்துல ஒட்டிட்டு இருக்கிற ஆர்க்கிட்ட ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்தா என்ன? காப்பிப் பழம் நாலு பறிச்சா?

ஆர்க்கிட் காப்புக்காட்டில் இருந்தால் வனச் சட்டப்படி குற்றம், எஸ்டேட்டில் இருந்தால் திருட்டு. இரண்டையும் விடுங்கள், அது சேலத்து வெயிலில் உங்கள் வீட்டு ஜன்னலில் பிழைக்காது. அது மரத்தை உறிஞ்சி வாழ்வது இல்லை, பட்டையில் தொற்றிக்கொண்டு காற்றில் இருக்கும் ஈரத்தை வைத்துப் பிழைக்கிறது. அந்த ஈரத்தை நீங்கள் பையில் போட்டு எடுத்து வர முடியாதே.

காப்பிப் பழம் நாலு என்றால் யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள், ஆனால் கேட்டுவிட்டுப் பறியுங்கள். கேட்டால் அவர்களே நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துத் தருவார்கள். தோல் இனிக்கும், கொட்டையைக் கடிக்காதீர்கள்.

இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, நாங்க வந்தா கூட வருவீங்களா?

ஞாயிறு என்றால் மாட்டேன். செவ்வாய் என்றால் குரும்பப்பட்டி லீவு, மேலே சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு கோரிமேட்டுக்கு வாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன், பெட்ரோல் உங்களுடையது.